காப்புக் கட்டின வண்டி

"தொடாத சீதா! கைய எடு!"

கதவுப் பிடியில் வைத்த கையைச் சீதாலெட்சுமி எடுக்கவில்லை. திரும்பி மட்டும் பார்த்தாள். தகரக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஈரத் தலையோடு ஓடி வந்துகொண்டிருந்தான் அய்யாவு. இடுப்பில் மஞ்சள் வேட்டி. நெற்றி நிறைய விபூதி. அவள் புருஷனை அந்தக் கோலத்தில் தைப்பூசத்துக்குத்தான் பார்த்திருக்கிறாள்.

"ஏன், கரன்ட் அடிக்குமா?"

"காப்புக் கட்டியாச்சு. பொம்பளைங்க தொடக்கூடாது."

"யாருக்குக் காப்பு?"

"வண்டிக்கு."

சீதாலெட்சுமி எட்டி உள்ளே பார்த்தாள். உண்மைதான். ஸ்டீயரிங் வளையத்தில் மஞ்சள் துணி, அதில் வேப்பிலை. நான்கு சக்கரத்தின் அடியிலும் நசுங்கின எலுமிச்சம்பழம். மூக்கில் சாம்பிராணி ஏறியது. நேற்று சாயங்காலம் அவள் கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தபோது புருஷன் வண்டியை முனியாண்டி கோயில் பக்கம் ஓட்டிக்கொண்டு போனான். பிரேக் பார்க்கப் போகிறான் என்று நினைத்திருந்தாள்.

"கல்யாணம் கட்டினப்ப எனக்குக்கூட நீங்க இவ்வளவு சோடிக்கல."

கொட்டகைக்குள் பழைய டயர் மேல் உட்கார்ந்து பிளாஸ்டிக் பையில் உறிஞ்சு குழல் போட்டுக் கோப்பி-ஓ குடித்துக்கொண்டிருந்த பாலன் களுக்கென்று சிரித்துவிட்டான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பையன். ரயில்வே ஆபீசில் கிளார்க். சனி ஞாயிறு ஆனால் அய்யாவின் காலடியில் கிடப்பான், ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க.

"நீ சிரிக்காத பாலா. நீயும் சேந்துதானே கட்டின?"

"அக்கா, நான் சூடம்தான் புடிச்சேன்."

கோபம் வந்தால் சீதாலெட்சுமிக்கு முதலில் காது சிவக்கும். அதற்கப்புறம் குரல் இறங்கும். கத்துகிற வரைக்கும் பயமில்லை, குரல் இறங்கினால்தான் வீட்டில் பூனைகூட இடம் மாறிப் படுக்கும். இப்போது குரல் இறங்கியது.

"பவுனக்காவோட குலை நேத்தே வெட்டிப் போட்டாச்சு. பாரிட் வாய்க்கால் ஓரத்துல கெடக்குது. நீங்க வியாழக்கிழமைக்குள்ள வண்டிய சரி பண்ணிக் கொடுத்துடறேன்னு சொன்னதாலதான் நான் அவளை வெட்டச் சொன்னேன். இன்னிக்கு மில்லுக்குப் போகலன்னா அந்தப் பழம் அழுகிடும். தெரியுமில்ல?"

"காட்டுக்குப் போயிட்டு ஞாயித்துக்கிழமை ராத்திரி வந்துடுவேன்."

"பழம் உங்களுக்காகக் காத்துக்கிட்டு கெடக்குமா?"

காப்பார் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. எண்ணெய் ஆட்டுகிற செம்பனைக் குலை வெட்டின நேரத்திலிருந்தே கெட ஆரம்பித்துவிடும். அழுகின பழம் போனால் மில்லில் திருப்பி அனுப்புவார்கள். பவுனம்மாளின் பழத்தைப் போன தடவை அப்படித்தான் திருப்பினார்கள். அன்றைக்கும் இதே கூத்துதான், வண்டி கழற்றிக் கிடந்தது. இன்னொரு தரம் இப்படி வந்தால் இனிமேல் உன் பழமே வேண்டாம் என்று தரம் பார்க்கிற ஆள் சொல்லியிருந்தான். புருஷன் செத்ததிலிருந்து அந்தத் துண்டுத் தோட்டம் ஒன்றுதான் பவுனம்மாளுக்குச் சோறு. அந்த மழைக்காலத்தில் பாரிட் வாய்க்கால் மேட்டுக்குள் வேறெந்த லோரியும் இறங்காது. கரை மண் அப்படி, மேலே புல், கீழே கஞ்சி.

அங்கே இறங்குகிற ஒரே வண்டி இந்த லேண்ட்ரோவர். ராணுவம் கழித்துப் போட்டதை அய்யாவுதான் வாங்கி உயிர் கொடுத்தான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஓட்டினவள் சீதாலெட்சுமி. புருஷன் கிள்ளான் துறைமுகத்துப் பட்டறைக்குப் போய்விடுவான். இவள் சாரோங்கைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, சின்னத் தோட்டக்காரர்களின் குலையையெல்லாம் ஏற்றி இறக்குவாள். கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துக்காரர்கள்கூட வழிவிட்டு, "மக்சிக் லேண்ட்ரோவர்", லேண்ட்ரோவர் அத்தை, என்று கை காட்டுவார்கள்.

கோலாலம்பூர் ஜீப்காரர்களைப் பார்த்த நாளில்தான் அய்யாவுக்குப் பித்துப் பிடித்தது. காட்டுக்குள் வண்டி விடுகிற கூட்டம் அது. யாரோ ஒருத்தருக்கு முன் பம்பர் உடைந்து, யாரோ சொல்லி, இவனிடம் வெல்டிங் வைக்க வந்தார்கள். அப்புறம் வரிசையாக வந்தார்கள். அவர்கள் வண்டிகளை அண்ணாந்து அண்ணாந்து பார்த்து, கடைசியில் தன் வண்டியிலேயே கை வைத்தான். ஸ்பிரிங் பட்டையைக் கூட்டி வண்டியை உசத்தினான். டிராக்டருக்குப் போடுகிற மாதிரிப் பல் வைத்த டயர் போட்டான். முன்னால், வண்டி புதைந்தால் இழுக்க, கம்பி வடம் சுற்றின வின்ச். ஆற்றில் இறங்கினால் இஞ்சினுக்குத் தண்ணீர் போகாமல் இருக்கக் கண்ணாடி ஓரமாய் மூச்சுக் குழாய். வாரத்துக்கு ஒன்று. அதுவரை அவள் பொறுத்தாள். போன மாசம் பின்னால் இருந்த பலகைத் தொட்டியைக் கழற்றிவிட்டு, இரும்புக் குழாயை வளைத்துக் கூண்டு கட்டினான். வண்டி உருண்டால் உள்ளே இருக்கிறவன் சாகாமல் இருக்கவாம்.

"வண்டி ஏன் உருளணும்?" என்று கேட்டாள் அன்றைக்கு.

"உனக்கு இதெல்லாம் புரியாது" என்றான்.

அந்த வார்த்தை அவள் தொண்டையில் மீன் முள் மாதிரி இன்னும் நின்றுகொண்டிருந்தது.

பஞ்சாயத்துக்குப் பூசாரி பக்கிரிசாமியையே கூட்டி வந்தான் பாலன். கோயில் நாலு வீடு தள்ளித்தான். பக்கிரிசாமி மாமா வந்து, வண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"சீதா, காட்டுக்குள்ள போற வண்டிம்மா. அங்க நம்ம முனியும் இருக்கான், மலாய்க்காரங்க காவல் சாமி டத்தோவும் இருக்கார். சுத்தமாப் போகணும். காப்புக் கட்டிட்டா அது வண்டி இல்ல, வாகனம். போயிட்டுத் திரும்புற வரைக்கும் பாரம் ஏத்தக் கூடாது, கவிச்சி ஆகாது, பொம்பளை கை படக் கூடாது."

"மாமா, உங்களுக்குக் குடல் எறங்கிப் போய்த் துடிச்சீங்களே, மழையில. கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு யாரு ஓட்டினது?"

பக்கிரிசாமி வேப்பிலையைச் சரி பண்ணினார்.

"சொல்லுங்க மாமா. அன்னிக்கு நான் பொம்பளை இல்லியா? பக்கத்துல உங்க காலை மடி மேல வச்சுக்கிட்டு ‘தாயே, சீக்கிரம் போ'ன்னு கத்தினது உங்க மவன்தானே?"

"அது ஆபத்துக்கு..."

"இது என்னா, பொழுதுபோக்குக்கா?"

"ஏய், பெரியவர்கிட்ட வாயக் குடுக்காத" என்றான் அய்யாவு.

"வாய்தான்யா குடுக்க முடியுது. வண்டிய நீ புடுங்கிக்கிட்ட." 'நீங்க' எப்போது போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த நேரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பவுனம்மாள் வந்தாள். ஹேண்டிலில் தூக்குச் சட்டி. அவித்த மரவள்ளிக்கிழங்கும் நெத்திலி சம்பலும். குலை ஏற்றுகிற நாளில் பசிக்குமே என்று அவள் எப்போதும் கொண்டு வருவது. நெத்திலி வாசனை வந்ததும் பக்கிரிசாமி மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு விலகி நின்றார். காட்டுப் பயண விரதத்தின் பேரால் சீதாலெட்சுமி வீட்டில் ஒரு வாரமாய்க் கருவாடுகூட வேகவில்லை.

பவுனம்மாள் எல்லோர் முகத்தையும் பார்த்தாள். வண்டியின் மஞ்சள் துணியைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"உதிர ஆரம்பிச்சிருச்சு சீதா" என்றாள். "உதிரிய கோணியில பொறுக்கி வச்சிட்டேன்." கொஞ்சம் நின்று, "பரவால்ல விடு. தம்பி ஆசையாப் போவுது. அழுகினா அழுகட்டும். மரம் எங்க போவப் போவுது" என்றாள்.

அவள் திட்டியிருந்தால் சீதாலெட்சுமி தாங்கியிருப்பாள். மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"நீ முன்னால போக்கா" என்றாள். "ஏத்துற கம்பிய எடுத்து வை."

ஆண்கள் மூவரும் கடைசிச் சூடம் காட்டக் கோயிலுக்கு நடந்தார்கள். சாவி சாமிப் படத்துக்கு முன்னால் வெற்றிலை மேல் இருந்தது. எடுத்தாள். படத்தைப் பார்த்து, "கோவிச்சுக்கணும்னா என்னைக் கோவிச்சுக்க. அவளைக் கோவிச்சுக்காத" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

முன்பு ஒரு எட்டில் ஏறுகிற வண்டி. இப்போது ஏறுகிற படி இடுப்பு உயரத்துக்குப் போய்விட்டது. சாரோங்கை முழங்காலுக்கு மேலே சுருட்டி, டயரின் பல்லில் கால் வைத்து, குழாயைப் பிடித்துத் தொங்கி ஏறினாள். ஏறும்போது புருஷனின் பரம்பரையில் ஒருத்தரையும் விட்டு வைக்கவில்லை. இஞ்சின் உறுமினதும் கோயில் பக்கமிருந்து கத்தல் கேட்டது. கண்ணாடியில் மஞ்சள் வேட்டி ஒன்று ரோட்டில் ஓடி வருவது சின்னதாகிக்கொண்டே போனது.

பாரிட் மேட்டில் இறங்கும்போதே வண்டி வேற்றாள் மாதிரி நடந்துகொண்டது. உயரத்தில் இருந்ததால் ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் தலை ஆடியது. வாய்க்காலில் தண்ணீர் தேநீர் நிறத்தில் விளிம்பு வரை நின்றது. பவுனம்மாளின் குலைக் குவியல் சிவப்பும் கறுப்புமாய், ஈரத்தில் பளபளவென்று கிடந்தது. அதைத் தாண்டிப் போய் வண்டியைத் திருப்புகிற இடம். அங்கேதான் அவள் புத்தி போனது.

பழைய டயரில் அவள் எப்படிப் போவாள்? காற்றைக் குறைத்துவிட்டு, முதல் கியரில், முட்டை மேல் நடக்கிற மாதிரிப் போவாள். மேல் புல் கிழியக் கூடாது, கிழிந்தால் போச்சு. இந்த டிராக்டர் பல் கிழிக்கவென்றே செய்தது. சக்கரம் லேசாய்ச் சுற்றினதும் நிறுத்தியிருக்க வேண்டும். 'உனக்கு இதெல்லாம் புரியாது' என்கிற குரல் காதில் விழுந்தது. ஓங்கி மிதித்தாள். நாலு சக்கரமும் நாலு மண்வெட்டியாகி, தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டு, அச்சு வரைக்கும் இறங்கிப் படுத்தது வண்டி.

"போச்சு" என்றாள் பவுனம்மாள்.

"போயி அந்த ஆளக் கூட்டிட்டு வா" என்றாள் சீதாலெட்சுமி. இப்போது கோபம் முழுக்கத் தன் மேலேயே திரும்பியிருந்தது, அது இன்னும் கசந்தது. பவுனம்மாள் சைக்கிளை எடுத்தாள். இவள் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். தூறல் பிடித்தது. பின்னால் குலைகளின் மேல் மழை விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அய்யாவு தனியாக வரவில்லை. கூட்டமே வந்தது. அவனை அழைத்துப் போக வந்திருந்த ஜீப்கள் ஒன்றின் பின் ஒன்றாய் மேட்டில் இறங்கின. விளக்கென்ன, கொடியென்ன, கூரை மேல் கூடாரமென்ன! முதல் ஜீப்பை ஓட்டி வந்தவர் பிரிக்பீல்ட்ஸ் பல் டாக்டர் கனகலிங்கம். யாழ்ப்பாணத்துக் குடும்பம், நல்ல நிறம், சேறு படாத பூட்ஸ். பின்னால் வந்தவர்கள் குதித்து இறங்கி, புதைந்து கிடந்த வண்டியைப் பார்த்ததும் பாயசம் கண்ட பிள்ளைகள் மாதிரி ஆனார்கள்.

"வாவ், பாஸ்! இங்கேயே டிரெயில் இருக்கு லா!"

"பகாங் காடு எதுக்கு, காப்பாரே போதும்!"

ஒருத்தன் காமிராவைத் தூக்கினான். "ஆன்டி, கொஞ்சம் இந்தப் பக்கம் பாத்து சிரிங்க."

"உங்க ஆத்தா சாவுல போய் சிரிக்கச் சொல்லு."

காமிரா இறங்கியது.

அய்யாவு முழங்கால் சேற்றில் நடந்து வந்து கதவைப் பிடித்தான். வேட்டி நனைந்து தொடையில் ஒட்டியிருந்தது. "அறிவிருக்காடி உனக்கு? காப்புக் கட்டின வண்டிய... எறங்கு!"

"மொதல்ல வெளிய இழு. அப்புறம் பேசு."

கனகலிங்கத்தின் ஜீப்பிலிருந்து வடத்தை அவிழ்த்துக் கொண்டுவந்து பின் கொக்கியில் மாட்டினார்கள். அவள் பின் கியரைப் போட்டுப் பொறுமையாய்க் கொடுத்தாள். இந்தத் தடவை மிதிக்கவில்லை. வடம் விறைத்தது, சேறு உறிஞ்சியது, சலக்கென்று விட்டது. வண்டி பின்னால் ஊர்ந்து, சரியாகக் குலைக் குவியலின் பக்கத்தில் கெட்டித் தரையில் வந்து நின்றது. எல்லோரும் கைதட்டி விசில் அடித்தார்கள். குலைகளை ஒருத்தரும் பார்க்கவில்லை. ஒருத்தன் அதன் மேலேயே கால் வைத்து ஏறி நின்று விசில் அடித்தான்.

"இப்ப எறங்கு" என்றான் அய்யாவு.

"ஏத்து."

"சீதா, எல்லாரும் காத்துக்கிட்டு நிக்கிறாங்க. மானத்த வாங்காத."

"பவுனக்காவுக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன். உன் வாயைக் கேட்டுத்தான் குடுத்தேன். ஏத்து."

கனகலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கிட்டே வந்தார். மரியாதையான மனிதர், குரலே உயராது. "என்ன அய்யாவு, இப்பிடியே நிண்டா எப்பிடி? மற்றாக்கள் ரோட்டில நிக்கினம்."

"ஒரு நிமிஷம் டாக்டர். இவளை எறக்கிட்டு வண்டிய எடுத்துக்கிட்டு வந்துடறேன்."

"ஐயோ, அதுக்கேன் சண்டை? தங்கச்சி வண்டியை வச்சிருக்கட்டும். நீர் என்ர வண்டியில ஏறும். டூல் பெட்டியை மட்டும் மறக்காதேயும். போன முறை மாதிரி உள்ளுக்க யாருக்கும் ஆக்சல் முறிஞ்சால் நீர்தானே வேணும்."

அய்யாவு புரியாமல் பார்த்தான். "இல்ல டாக்டர், என் வண்டி... எனக்கு நம்பர்கூடக் குடுத்தீங்களே." கதவில் ஒட்டியிருந்த எண்ணைக் காட்டினான். சேற்றைப் புறங்கையால் துடைத்தும் விட்டான், நன்றாகத் தெரியட்டும் என்று.

"அது சும்மா, உம்மட சந்தோஷத்துக்குத் தந்தது." கனகலிங்கம் அவன் தோளைத் தட்டினார். "உம்மட வண்டி வராட்டிக் காரியமில்லை. நீர் வந்தாப் போதும்."

அவர் மனசறிந்து அடிக்கவில்லை. அடிக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. அது சீதாலெட்சுமிக்குத் தெளிவாகத் தெரிந்தது. புருஷனின் முகத்தை மேலேயிருந்து பார்த்தாள். விபூதி வேர்வையில் கரைந்து மூக்கில் வழிந்துகொண்டிருந்தது.  அவன் திரும்பி, பவுனம்மாளின் கையிலிருந்த கூர்க்கம்பியை வெடுக்கென்று பிடுங்கினான்.

"அய்யாவு?"

"நீங்க போங்க டாக்டர்."

"அண்ணே," பாலன் மெல்ல இழுத்தான். "நான்... நான் போகவாண்ணே? வீட்டுல சொல்லிட்டு வந்துட்டேன்."

"போ."

பாலன் டூல் பெட்டியின் பக்கம் கை நீட்டினான். அய்யாவு அவனைப் பார்த்த பார்வையில் கை அப்படியே பின்வாங்கிக்கொண்டது. ஜீப்கள் திரும்ப இடமில்லாமல், ஒன்றின் பின் ஒன்றாய்ப் பின்பக்கமாகவே மேட்டில் ஊர்ந்து போயின.

அய்யாவு முதல் குலையைக் குத்தித் தூக்கினான். முன்பு இடுப்பு உயரத்தில் பலகைத் தொட்டி இருந்தது, வீசினால் விழும். இப்போது அவனே உசத்தின வண்டி, அதன் மேல் அவனே கட்டின கூண்டு. குலையைத் தலைக்கு மேல் தூக்கி, குழாய்க்கும் குழாய்க்கும் நடுவில் திணிக்க வேண்டும். முதல் குலை குழாயில் மோதித் திரும்பி அவன் தோளிலேயே விழுந்தது.

"உசத்தினது யாரு?" என்றாள் சீதாலெட்சுமி, ஸ்டீயரிங்கில் இருந்தபடியே.

 அவன் குத்தினான், தூக்கினான், எறிந்தான். ஒவ்வொரு எறிக்கும் புதுப் பச்சைப் பெயின்ட்டில் ஒரு கீறல் விழுந்தது. முள் கிழித்து முழங்கையில் ரத்தம் வந்தது. பவுனம்மாள் பயந்துபோய், "தம்பி, மெல்ல, மெல்ல" என்று உதிரிப்பழக் கோணியை இழுத்துக்கொண்டு நின்றாள். சீதாலெட்சுமி இறங்கி மறுபக்கம் நின்று தானும் தூக்கினாள். இருவரும் ஒரே குவியலில் எதிரெதிராய் நின்றார்கள்.

அவளுக்குக் கோபம் தணிந்திருக்க வேண்டும். பழம் ஏறுகிறது, புருஷன் நின்றுவிட்டான், கேட்டதெல்லாம் நடக்கிறது. ஆனால் தணியவில்லை, இன்னொரு பக்கமாய்த் திரும்பிக்கொண்டது. காலையிலிருந்து தொண்டை கிழியக் கத்தினாளே, அதற்கு இறங்கினானா இந்த ஆள்? பவுனக்கா முகத்தைப் பார்த்து இறங்கினானா? அந்தப் பல் டாக்டர் சிரித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னார், இறங்கிவிட்டான். இந்தக் குலை ஒவ்வொன்றும் அந்த ஆள் மூஞ்சியில் எறிகிறதுதான். பவுனக்காவுக்காக ஒன்றுகூட இல்லை.

"அந்த டாக்டருக்காகத் தூக்காத" என்றாள் திடீரென்று.

"என்னாது?"

"ஒண்ணுமில்ல. தூக்கு."

நடுச் சீட்டில் வின்ச்சுக்கென்று இன்னொரு பாட்டரியை இறுக்கி வைத்திருந்தான். அதனால் முன்னால் இரண்டு பேருக்குத்தான் இடம். அய்யாவு ஓட்டுகிற பக்கம் வந்து கையை நீட்டினான்.

"சாவி."

"பவுனக்கா, ஏறு முன்னால." தானே ஸ்டீயரிங் பக்கம் ஏறி உட்கார்ந்து, பவுனம்மாளின் கையைப் பிடித்துத் தூக்கி உள்ளே இழுத்தாள்.

"நான் எங்க உக்காருறது?"

"பின்னால."

"அதுல முள்ளு."

"கூண்டு இருக்குல்ல. புடிச்சுக்க."

மில்லில் தரம் பார்க்கிற ஆள் சிகரெட்டை உதட்டில் வைத்தபடி குலைகளைக் கம்பியால் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். ரெண்டு குலையை மட்டும் ஒதுக்கினான். கூண்டையும் மஞ்சள் துணியையும் பின்னால் குலை மேல் குந்தியிருந்த மஞ்சள் வேட்டிக்காரனையும் மாறி மாறிப் பார்த்தான். "இது என்னா, கோயில் ரதமா?" என்றான் மலாயில். யாரும் சிரிக்கவில்லை. பிறகு பவுனம்மாளைப் பார்த்து, "ஓகே லா மக்சிக், இந்த வாட்டி நல்ல பழம்" என்றான்.

பவுனம்மாள் அப்போதுதான் அழுதாள். சத்தமில்லாமல், துண்டு நுனியைக் கண்ணில் வைத்துக்கொண்டு.

திரும்பும்போது மழை விட்டிருந்தது. பின்னால் இப்போது காலிக் கூண்டு. அய்யாவு குழாயைப் பிடித்து நின்றுகொண்டே வந்தான். பவுனம்மாள் தூக்குச் சட்டியைத் திறந்து மடியில் வைத்து, கிழங்கில் சம்பலைத் தொட்டு சீதாலெட்சுமியின் வாயில் ஊட்டினாள். கை சேறு என்று.

"தம்பிக்கும் குடுக்கலாம் சீதா. காலையிலேருந்து பட்டினி."

"அவரு விரதம்."

பின் கண்ணாடியை அய்யாவு தட்டினான். "சீதா! நிறுத்து!"

"என்னா?"

"கூண்ட அடுத்த மாசம் அறுத்துடறேன். தொட்டிய மாட்டிடறேன்."

"நாளைக்கு."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைடி!"

"ஆமா. நீதான் காட்டுக்குப் போகலியே."

 கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் தட்டினான். "யோசிச்சு சொல்றேன். மொதல்ல நிறுத்து, இடுப்பு விட்டுப் போச்சு. பவுனக்கா வீடு வந்துடுச்சில்ல, நான் முன்னால வரேன்."

பவுனம்மாள் வீடு வருவதற்கு முன்னால் ஒரு பெரிய பள்ளம் உண்டு. அந்த ரோட்டில் போகிற எல்லோருக்கும் தெரியும். சீதாலெட்சுமி தூக்கத்தில்கூட அதை ஒடித்து விலகிப் போவாள்.

"பவுனக்கா, கெட்டியாப் புடிச்சுக்க" என்றாள்.

பள்ளம் வந்தது. அவள் விலக்கவில்லை.